பலூன் மேல் ஒட்டியிருந்த பாஸ்மதி

போன வாரம் அடையாறிலிருந்து திவ்யா போன் செய்தாள். எண்டோஸ்கோப்பி அறையில் என்னோடு வேலை பார்த்த பெண். இப்போது அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில் பொறுப்பு நர்ஸ்.

"அக்கா, இந்த எடை குறையிற ஊசி போட்டுக்கறவங்க வந்தா ஒரே பயமா இருக்கு. ராத்திரியிலேர்ந்து பட்டினின்னு சொல்றாங்க. உள்ள கேமராவ விட்டுப் பாத்தா முந்தின நாள் சோறு அப்படியே கெடக்கு. நம்ம சுலோசனா மேடம் ஒரு கேள்வி கேப்பாங்கல்ல, அத எப்படிக் கேப்பாங்க?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாரம் ஒரு தடவை குத்திக்கொள்ளும் அந்த ஊசி வந்தபோது, இனி வயிற்றுக்குள் பலூனும் வேண்டாம் தையலும் வேண்டாம், உங்கள் அறையை இழுத்துப் பூட்டிவிடலாம் என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். அந்த ஊசி வயிற்றை மந்தமாக்குகிறது. சாப்பிட்டது சீக்கிரம் கீழே இறங்குவதில்லை. அதனால் எங்கள் பழைய கேள்விக்கு மறுபடியும் வேலை வந்திருக்கிறது. போனிலேயே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் நோயாளி ஜாஃபர் மாஸ்டரைச் சொல்லாமல் அந்தக் கேள்வியை மட்டும் சொன்னால் அதன் அருமை தெரியாது. எழுதி அனுப்புகிறேன், எல்லோருக்கும் படித்துக் காட்டு என்றேன்.

நான் அமலா. சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தின் வாசனையோடு வளர்ந்தவள், அதனால் எந்த வாசனைக்கும் மூக்கைப் பிடித்துக்கொள்கிற வழக்கம் எனக்கு இல்லை. நர்சிங் படித்தது, பொது வார்டில் ஓடியது, பிரசவ வார்டில் திட்டு வாங்கியது எல்லாம் எல்லா நர்சுக்கும் நடப்பதுதான், அதையெல்லாம் எழுதி நேரத்தைக் கடத்தப் போவதில்லை. மயிலாப்பூரில், லஸ் முனையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த மருத்துவமனையில் என்னை எண்டோஸ்கோப்பி அறைக்கு மாற்றினார்கள். குழாய் கழுவுகிற வேலை என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களுக்கு அந்தக் குழாயின் விலையும் தெரியாது, அதைக் கழுவுகிற பக்குவமும் தெரியாது. ஒரு துளி சளி உள்ளே காய்ந்து நின்றால் அடுத்த நோயாளிக்கு ஆபத்து. நான் கழுவிய குழாயில் காய்ந்த துளி இருந்ததாக யாரும் சொன்னதில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

அந்த அறையின் தலைவி டாக்டர் சுலோசனா. மயிலாப்பூர்க்காரர். ஒல்லியான உருவம், மெல்லிய குரல். சந்தோஷம் வந்தால் மட்டும் வீட்டுப் பேச்சு வாய்க்கு வந்துவிடும், மற்ற நேரமெல்லாம் எல்லோரையும் போலத்தான் பேசுவார். வயிற்றைக் கிழிக்காமல் வாய் வழியாகவே எடைக்கு வைத்தியம் பார்ப்பது என்று மருத்துவமனை முடிவு செய்தபோது, கருவி வருவதற்கு முன்னால் அவர் செய்த முதல் காரியம் காத்திருக்கும் இடத்திலிருந்த கை வைத்த நாற்காலிகளை எல்லாம் வெளியே போடச் சொன்னது. "கைக்கு நடுவுல ஒடம்பத் திணிச்சு உக்காந்து, எழுந்திருக்கும்போது நாற்காலியும் கூடவே வந்தா, அந்த மனுஷன் நம்ம கிட்ட எந்த உண்மையச் சொல்லுவான்?" என்று கேட்டார். எங்கள் தெருவில் இருந்த தச்சரிடம் சொல்லி, கை இல்லாத அகலமான பெஞ்சுகள் செய்ய வைத்தேன். எடை பார்க்கும் கருவியைத் தனி அறையில் வைத்தோம். எடையை வாய்விட்டுப் படிக்கக் கூடாது என்பது கட்டளை. ஒரு முறை வரவேற்பில் இருந்த பெண் எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிட்டாள். மேடம் அவளைத் திட்டவில்லை. மறுநாள் காலையில் எங்கள் எல்லோரையும் அதே அறையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் எடையையும் அவரே உரக்கப் படித்தார். அதற்குப் பிறகு யாரும் அந்தத் தப்பைச் செய்யவில்லை.

கேள்விக்கு வருகிறேன். வயிற்றுக்குள் குழாய் விடும் முன் வயிறு காலியாக இருக்க வேண்டும். மயக்கத்தில் இருக்கும்போது சோறு மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. மற்ற இடங்களில் "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார்கள், நோயாளி "இல்லை" என்பார், வேலை முடிந்தது. சுலோசனா மேடம் அப்படிக் கேட்க விடமாட்டார். "கடைசியா வாய்க்குள்ள என்ன போச்சு?" இதுதான் கேள்வி. இதற்கு இல்லை என்று பதில் சொல்ல முடியாது. எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும். அதையும் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வரவேற்பில் ஒருவர், உள்ளே வந்ததும் நான், மேஜையில் படுத்த பிறகு மேடம்.

இந்த மூன்று இடத்திலும் பதில் வளர்கிற அழகைப் பார்க்க வேண்டும். வாசலில் "ஒண்ணுமே இல்லைங்க" என்பவர் என்னிடம் "ஒரு வாய் காப்பி" என்பார். மேடம் கேட்கும்போது காப்பியோடு இரண்டு பிஸ்கட்டும் சேர்ந்திருக்கும். காப்பி குடித்தால்தான் பிஸ்கட் இறங்கும், பிஸ்கட் தின்றால்தான் காப்பி இறங்கும் என்று ஒருவர் எனக்கு விளக்கம்கூடச் சொன்னார். நல்லபடியாக முடிய வேண்டும் என்று காலையில் கோயிலுக்குப் போய், அங்கே தொன்னையில் கொடுத்த சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு நேரே எங்களிடம் வந்த ஒரு அம்மாள் உண்டு. "பிரசாதம்தானே" என்றார். பிரசாதமும் வயிற்றில்தான் இருக்கும் என்று சொல்லி, மேடம் சிரித்துக்கொண்டே அவரை மறுநாள் வரச் சொன்னார். நான் அதன் பிறகு கேள்வியோடு ஒரு வாலையும் சேர்த்துக்கொண்டேன். வர்ற வழியில கோயில், சர்ச், தர்கா எங்கேயாவது கையில என்ன குடுத்தாங்க என்பேன்.

இவ்வளவு கெட்டியாகக் கட்டிய வேலிக்குள் நுழைந்தவர்தான் ஜாஃபர் மாஸ்டர்.

திருவல்லிக்கேணிக்காரர். கல்யாண பிரியாணி செய்கிறவர். வாலாஜா மசூதிப் பக்கம் அவர் பெயரைச் சொன்னால் வழி காட்டுவார்கள். மனைவி மும்தாஜின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். இரண்டு முட்டியும் தேய்ந்து போயிருந்தன. எடை குறையாமல் முட்டியை மாற்ற முடியாது என்று எலும்பு டாக்டர் கையை விரித்துவிட்டார். எடைக்காக வயிற்றில் செய்யும் பெரிய ஆபரேஷனுக்குப் போனால், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, இதயமும் சரியாக இல்லை, கத்தி வைக்க மாட்டோம் என்று அங்கேயும் அனுப்பிவிட்டார்கள். கடைசியாக எங்களிடம் வந்தார்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். "இன்னா சிஸ்டர், மண்டபத்து சோஃபா கணக்கா கீது" என்றார். அவருக்கு அந்த இடம் பிடித்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

மேடம் அவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். எல்லோரும் இத்தனை கிலோ குறைய வேண்டும் என்பார்கள். இவர் எண் எதுவும் சொல்லவில்லை.

"டாக்டரம்மா, தேக்சா முன்னாடி நின்னுகினுதான் தம் போடணும். இப்ப ஸ்டூலு போட்டுக் குந்திகினு போட்றேன். ஆவி எந்தப் பக்கம் போவுதுன்னே தெர்ல. போன கல்யாணத்துல அடி புடிச்சிக்கிச்சு. எங்க வாப்பா காலத்துலேர்ந்து அப்படி ஆனதில்ல. ரெண்டு கல்யாண வூட்டுக்காரங்க வேற மாஸ்டர பாத்துட்டாங்க. என்ன நிக்க வெச்சுடுங்க, அது போதும்."

தேக்சா என்பது பிரியாணி அண்டா, அதன் வாயை மூடி ஆவி வெளியே போகாமல் புழுங்க விடுவதுதான் தம். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. மும்தாஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மனிதருக்கு வேறு தொழில் தெரியாது.

மேடம் அவருக்குப் பலூன் வைப்பது என்று முடிவு செய்தார். பலூன் வைப்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. முதலில் குழாயை விட்டு வயிற்றில் புண் இருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு சுருட்டிய சிலிக்கோன் பலூனை வாய் வழியாக உள்ளே இறக்கி, நீல மருந்து கலந்த உப்புத் தண்ணீரை நிரப்புவோம். நிரப்புவது என் வேலை. ஊசிக் குழாயின் பிடியை நான் அழுத்த அழுத்த, திரையில் பலூன் விரிந்து உருண்டையாகும். வேகமாக அழுத்தக் கூடாது, சீராகப் போக வேண்டும். வயிற்றில் பாதி இடத்தை அது பிடித்துக்கொள்வதால் கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும். ஆறு மாதம் கழித்து எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் வயிற்று அமிலம் பலூனை அரித்துவிடும். நீல மருந்து எதற்கு என்றால், பலூன் எங்கேயாவது ஒழுகினால் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகும், உடனே தெரிந்துவிடும். சுருங்கிய பலூன் குடலுக்குள் இறங்கி அடைத்துக்கொண்டால் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். ஜாஃபர் மாஸ்டருக்கு அந்த வழியும் இல்லை. அதனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் மும்தாஜிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

முதல் சில நாட்கள் வாந்தியும் வயிற்றுப் பிசைவும் எல்லோருக்கும் வரும். மாஸ்டர் எனக்குப் போன் செய்து, "சிஸ்டர், உள்ள ஒரு ஆட்டுக்குட்டி உதைக்குது, எட்த்துடுங்க" என்றார். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். அதற்கடுத்த நாள் போன் வரவில்லை. எடை மளமளவென்று இறங்கியது. தோளைப் பிடிக்காமல் கைத்தடியோடு வந்தார், பிறகு கைத்தடியை மும்தாஜ் தூக்கிக்கொண்டு வந்தார். கல்யாண மாதம் வந்ததும் இறங்குவது நின்று போனது. என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டால் கஞ்சி, மோர், கொஞ்சம் பருப்பு. மும்தாஜும் ஆமாம் என்றார். மேடம் யோசித்தார், ஆனால் துருவவில்லை. "வரும், காத்திருப்போம்" என்றார்.

பலூனை எடுக்க வேண்டிய நாள் வந்தது. பலூன் இருக்கும் வயிற்றில் சாப்பாடு மெதுவாகத்தான் நகரும். அதனால் இரண்டு நாள் வெறும் நீராகாரம், முந்தின இரவிலிருந்து அதுவும் கிடையாது என்று சொல்லியிருந்தோம். வாசலில் கேட்டார்கள். "நேத்து ராத்திரி மோரு." நான் கேட்டேன். "நேத்து ராத்திரி மோரு சிஸ்டர். தர்காவுக்கும் போவல." மேஜையில் மேடம் கேட்டார். "மோருதாம்மா." மூன்று பேரிடமும் ஒரே பதில் சொன்ன நோயாளி அபூர்வம். இவரை நம்பாமல் யாரை நம்புவது?

எடுப்பது சின்ன வேலை, லேசான மயக்கம் போதும் என்று சில இடங்களில் விட்டுவிடுவார்கள். மேடம் விடவில்லை. தூக்கத்தில் மூச்சு நிற்கிற மனிதர், முழு மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாயில் டியூப் போட்ட பிறகுதான் தொடுவேன் என்றார். மயக்க டாக்டரும் அதையேதான் சொன்னார். டியூப் போட்டாயிற்று. குழாய் இறங்கியது. திரையில் பலூன் நீலமாகத் தெரிந்தது. அதன் மேல் வெள்ளையாக ஒரு பருக்கை. பக்கத்தில் இன்னும் நாலைந்து. குழாயைக் கொஞ்சம் திருப்பியதும், பலூனுக்கு அந்தப் பக்கம் சோறும் கறித்துண்டும் குளம் போலக் கிடந்தன.

மேடம் குரலை உயர்த்தவில்லை. "அமலா, தலைப் பக்கம் தாழ்த்து. உறிஞ்சு" என்றார். நான் மேஜையைத் தாழ்த்தினேன். உறிஞ்சும் குழாயில் சோறு அடைத்துக்கொண்டது. மாற்றினேன், மறுபடியும் அடைத்தது. பலூனைக் குத்தினால் அதை வெளியே இழுக்கும்போது சோறும் கூடவே தொண்டைக்கு ஏறி வரும். ஒரு நிமிஷம் பார்த்தார், பிறகு குழாயைப் பின்னால் இழுத்துவிட்டார். "இன்னிக்கு வேண்டாம்" என்றார். மாஸ்டர் முழுக்க விழித்து, தானாக இருமி, என் விரலை அழுத்திக் காட்டுகிற வரை மூச்சுக்குழாயிலிருந்த டியூபை எடுக்கவில்லை. லேசான மயக்கத்தோடு விட்டிருந்தால் அந்தச் சோறு மூச்சுக்குழாயில் இறங்கியிருக்கும்.

அன்று மாலை மேடம் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் மும்தாஜும் நின்றிருந்தோம்.

"மாஸ்டர், உள்ள பிரியாணி இருந்தது."

"நான் துன்னலையே டாக்டரம்மா." அவர் முகத்தில் பொய் இல்லை, வலிதான் இருந்தது. "சத்தியமா துன்னல."

மேடம் திரையில் எடுத்த படத்தைக் காட்டினார். மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "இது இன்னிக்குக் காலைல ராயப்பேட்டைல எறக்குனது. பாஸ்மதி. ஒரு அரிசிகூட ஒடையல, பாத்தீங்களா சிஸ்டர்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மேடம் சிரித்தே விட்டார்.

"அப்போ துன்னீங்க."

"உப்பு பாத்தேம்மா. அரிசி வெந்துச்சா, கறி வெந்துச்சா பாத்தேன். நாலு தேக்சா. உப்பு பாக்கறது துன்றதா? இத்தினி வருஷமா பாக்கறேன், அத்த யாரு சாப்பாடுன்னு சொல்லுவாங்க?"

அப்போதுதான் எடை நின்று போனதற்கும் காரணம் விளங்கியது. கல்யாண மாதம் முழுக்க ஒவ்வொரு தேக்சாவிலும் ஒரு கை. அது அவர் கணக்கில் வாய்க்குள் போகவே இல்லை. வேலைக்குள் போய்விட்டது.

இதுவரை பேசாத மும்தாஜ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "நோன்பு மாசத்துல இப்தாருக்கு ஆக்கறீங்களே, அப்போ எப்படி உப்பு பாக்கறீங்க?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொல்லுங்க. டாக்டரம்மாவுக்குத் தெரியட்டும்."

"நாக்கு நுனில வெச்சுட்டுத் துப்பிடுவேன்."

"அப்போ உப்பு கொறஞ்சுதுன்னு யாராச்சும் சொல்லிக்கிறாங்களா?"

"அது நோன்பு, மும்தாஜ். அதுக்கு நிய்யத் வெக்கறோம். சும்மா நாளுல சோத்தத் துப்புனா பாவம், பரக்கத் போயிடும்." நிய்யத் என்றால் இன்னதைச் செய்யப் போகிறேன் என்று மனத்தில் உறுதி எடுத்துக்கொள்வது. பரக்கத் என்பது இறைவன் கொடுக்கும் நிறைவு. திருவல்லிக்கேணிப் பக்கம் இருந்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லத் தேவையில்லை, அடையாறுப் பெண்களுக்காகச் சொல்கிறேன்.

"அப்போ நிய்யத் வெய்யிங்க" என்றார் மும்தாஜ். "பலூன் வெளிய வர்ற வரைக்கும்."

மேடம் வாயே திறக்கவில்லை. அவர் நல்ல டாக்டர் என்பதற்கு எனக்கு அந்த ஒரு மௌனமே போதும். அடுத்த வாரத்துக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

அந்த நாள் வரவில்லை, அதற்கு முன்னாலேயே பலூன் முந்திக்கொண்டது. ஒரு காலை, வேலை சூடு பிடிக்கிற நேரம், மும்தாஜ் போன் செய்தார். "சிஸ்டர், இவருக்கு பச்சையா போவுது. விடியக்காலைல போச்சாம், இப்பத்தான் சொல்றாரு." தி. நகரில் ஒரு மண்டபத்தில் இருந்தார்கள். பின்னால் பாத்திரச் சத்தமும் விறகுக்குத் திட்டுகிற சத்தமும் கேட்டன. மாஸ்டரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"மாஸ்டர், உடனே கெளம்புங்க."

"தம் போட்டுட்டு வந்துடறேன் சிஸ்டர். அரிசி போட்டாச்சு. பாதில வுட்டுட்டு நான் வந்ததே இல்ல."

"பலூன் ஒழுகுது. குடலுக்குள்ள எறங்கிட்டா வயித்தக் கிழிக்கணும். உங்களுக்குக் கிழிக்க ஒருத்தரும் ஒத்துக்கல, ஞாபகம் இருக்கா? இந்த தம்மப் போட்டா இதுதான் கடைசி தம்மு."

நோயாளியிடம் நான் அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான். அந்தப் பக்கம் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சலீமு, இங்க வா, நீ போடு. ஆவி அந்தப் பக்கம் போனா துணிய நனச்சி சுத்து" என்று தம்பியிடம் சொல்வது கேட்டது. முட்டி வலிக்கு நடுவிலும் அவருக்குப் பெரிய வலி அதுதான் என்று எனக்குத் தெரியும்.

ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மாஸ்டரின் விரல் நுனியில் குங்குமப்பூ நிறம், சட்டையெல்லாம் புதினா, வறுத்த வெங்காயம். காலையிலிருந்து தேக்சா பக்கத்தில் நின்ற மனிதர். வயிற்றில் சோறு இருந்தால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதற்குள் பலூன் இறங்கிவிடலாம். காலியாக இருந்தால் இப்போதே எடுத்துவிடலாம். எல்லாம் ஒரு பதிலில் நின்றது. வாசலில் யாரும் கேட்கவில்லை, நானே கேட்டேன்.

"கடைசியா வாய்க்குள்ள என்ன போச்சு?"

"வாய்க்குள்ள போச்சு, வவுத்துக்குள்ள போவல" என்றார். "நிய்யத் வெச்சுட்டேன் சிஸ்டர். அன்னிக்கு ராத்திரியே வெச்சுட்டேன். நாளைக்கு பலூன எடுக்கற நாளாச்சே, ரெண்டு நாளா கஞ்சித் தண்ணிதான். இன்னிக்கு வேலைல அதுவும் குடிக்கல."

மும்தாஜ் பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். திறந்தேன். மென்ற சோறு, ஒரு கறித்துண்டு, விரலால் நசுக்கிப் பார்த்த பருக்கைகள்.

"கீழ துப்ப மனசு வரல" என்றார் மாஸ்டர், தலையைத் தாழ்த்திக்கொண்டு. "காக்காவுக்குப் போட்டுடலாம்னு எட்த்துகினு வந்தேன்."

அந்த டப்பாவை மேடத்திடம் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நம்பலாமா அமலா?" என்றார்.

"நம்பலாம் மேடம்."

நம்பினோம், ஆனாலும் டியூப் போட்டோம். தலைப் பக்கம் தாழ்த்தினோம். உறிஞ்சும் குழாய் இரண்டை என் வலது கைக்குப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டேன். அந்தக் குழாய்கள் இரண்டும் தேவைப்படவே இல்லை. திரையில் வயிறு கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போலச் சுத்தமாக இருந்தது. நடுவில் நீலப் பலூன், ஒரு பக்கம் தொய்ந்து, குடலுக்குப் போகும் வாசலை நோக்கிச் சாய்ந்து கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் இறங்கியிருக்கும். மேடம் ஊசியால் குத்தினார், நான் நீலத் தண்ணீரை உறிஞ்சி எடுத்தேன். சுருங்கியதை இடுக்கியால் பிடித்து இழுத்தார். தொண்டைக்கு வரும் இடத்தில் மாட்டிக்கொண்டது. பலம் போட்டால் கிழியும். மயக்க டாக்டர் கழுத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தார். மேடம் பிடியை விடாமல், இழுக்கவும் செய்யாமல், அப்படியே காத்திருந்தார். பிறகு, விருந்தாளியைக் கூப்பிடுகிற குரலில் மெல்ல, "வாங்கோ, வாங்கோ, ஆத்துக்குப் போகலாம்" என்றார். அது வந்தது. என் தட்டில் நனைந்த துணி போல விழுந்தது.

மாஸ்டர் கண் திறந்ததும் எங்களைக் கேட்ட முதல் கேள்வி தம் சரியாக வந்ததா என்பது. மும்தாஜ் சலீமுக்குப் போன் செய்து கேட்டுவிட்டு, வந்தது என்றார். "ஆவி?" என்றார் மாஸ்டர். "அதுவும் சரியா இருந்துச்சாம், படுங்க" என்றார் மும்தாஜ்.

பலூன் வெளியே வந்ததும் போன எடை திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பலூனோ தையலோ ஊசியோ, எதுவும் வாயைப் பூட்டிவிடாது. ஜாஃபர் மாஸ்டருக்குத் திரும்பி வரவில்லை. எலும்பு டாக்டர் ஒரு முட்டியை மாற்றினார், பிறகு இன்னொன்றை. அதற்குள் மேடம் ஓய்வு பெற்றுப் பெங்களூருக்கு மகனிடம் போய்விட்டார், பின்னாலேயே நானும் ஓய்வு பெற்றேன்.

போன மாதம் மும்தாஜின் தங்கை மகள் கல்யாணம், திருவல்லிக்கேணியில். எனக்கும் பத்திரிகை வந்தது. பந்திக்குப் போகாமல் முதலில் பின்பக்கம் போனேன். நான்கு தேக்சா. அவற்றின் முன்னால் ஜாஃபர் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். ஸ்டூல் எங்கேயும் இல்லை, நான் தேடிப் பார்த்தேன். மூடியை லேசாகத் தூக்கி, ஒரு பருக்கையை நாக்கு நுனியில் வைத்து, கண்ணை மூடி, இடுப்பில் கட்டியிருந்த சின்ன டப்பாவில் துப்பிவிட்டு மூடினார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். கிட்டே வந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார். ஓய்வுக்குப் பிறகு எனக்கும் கொஞ்சம் சதை போட்டுவிட்டது, மறைத்துப் பயனில்லை.

"சிஸ்டர்," என்றார், "கடைசியா வாய்க்குள்ள இன்னா போச்சு?"

"ஒண்ணும் இல்ல மாஸ்டர்."

அவர் பேசாமல் நின்றார்.

"ஒரு டீ."

இன்னும் நின்றார். அவர் கண்ணில் சுலோசனா மேடத்தின் பொறுமை அப்படியே இருந்தது.

"டீயோட ரெண்டு பிஸ்கட்" என்றேன்.

தலையாட்டிவிட்டுத் தட்டை எடுத்தார். ஓரத்திலிருந்து பதமாக அள்ளி, ஒரே ஒரு கறித்துண்டு வைத்து, அளவாகத்தான் கொடுத்தார். ஒரு அரிசிகூட உடையவில்லை.